கண்ணுக்குக் கீழே கத்தி! அழகு தேடிப் போகிறவர்களே, உஷார்!

கூரம் என்றதும் பெரியவர்களுக்குக் கண்தான் ஞாபகம் வரும். குரு ராமானுஜருக்காகச் சோழ ராஜாவின் சபையில் கண்ணைப் பறிகொடுத்ததாகச் சொல்லப்படும் கூரத்தாழ்வான் பிறந்த ஊராச்சே! அன்று அவர் போனது குருவைக் காப்பாற்ற. இன்று சிலர் கண்ணைப் பணயம் வைப்பது போட்டோவில் இளமையாகத் தெரிய!

காஞ்சிபுரத்தில் முகூர்த்தப் பட்டு எடுத்த கையோடு, கண்ணுக்குக் கீழே தொங்கும் பையையும் கருவளையத்தையும் 'எடுத்துவிடலாம்' என்கிற ஆசை இப்போது சினிமாக்காரர்களோடு நிற்கவில்லை. கடைக்காரர், குமாஸ்தா வீடுகளுக்கும் வந்தாச்சு.

அந்தப் பை என்ன?

பெரும்பாலும் கொழுப்புதான். கண் உருண்டைக்கு மெத்தை மாதிரி இருக்கும் கொழுப்பை ஒரு மெல்லிய சவ்வு தடுத்து நிறுத்துகிறது. வயசாக ஆக அது தளர, கொழுப்பு முன்னால் துருத்துகிறது. சில குடும்பங்களில் இளவயதிலேயே வரும்.

ஆனால் காலையில் எழுந்ததும் முகமே உப்பி, காலும் வீங்கினால் கதை வேறு. சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். அதற்கு அழகு நிலையத்துக்குப் போய் என்ன பிரயோஜனம்? ரத்தம், சிறுநீர் பரிசோதனைதான் முதல் வேலை.

அமில வைத்தியம்!

கீழ் இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டர்கூட கிடையாது. அதன்மேல் அமிலம் தடவி மேல்தோலை உரிப்பதுதான் 'பீலிங்'. டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் ஒரு ரகம். பீனால் இன்னொன்று. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளில் கிருமி கொல்லப் பயன்பட்ட கார்பாலிக் அமிலமேதான் அது! அளவு மீறி ரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

நம்மூர் மாநிறத் தோலுக்கு இன்னொரு வம்பு. உரிந்த இடம் முன்னைவிடக் கறுத்துப்போகலாம். கருவளையம் போக்கப் போய் கரும்பட்டை வாங்கி வந்த கதைதான்!

சில கிரீம்களில் ஸ்டீராய்டு கலப்பு உண்டு. கண்ணோரம் மாதக்கணக்கில் தடவினால் கண் அழுத்த நோயும் புரையும் வரலாம். இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது.

கத்தி வைப்பது யார்?

ஆபரேஷன் தேர்ந்த கையில் நல்ல பலன் தரும், அதை மறுக்க முடியாது. இமை முடிக்குக் கீழே கீறியோ, இமையின் உட்பக்கமாகவோ கொழுப்பை எடுக்கிறார்கள். அல்லது பள்ளத்தில் பரப்பிவிடுகிறார்கள். வீக்கம் வடிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆனால் தோலைக் கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் போச்சு! இமை கீழே இழுத்துக்கொண்டு, தூக்கத்திலும் கண் மூடாது.

2016-ல் சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவக் கல்லூரி மாணவரே பலியானார். 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கப் போன 21 வயது டி.வி. நடிகை பலி. அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு நெறிமுறை வெளியிட்டது. இத்தகைய அழகு சிகிச்சைகளைத் தொடங்க, யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாதாம்! இதையும் எழுதிச் சொல்ல வேண்டிய நிலைமை என்றால் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே, வெட்டப்போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, இமை ஆபரேஷனில் பயிற்சி பெற்ற கண் டாக்டரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் சொல்லவேண்டும், ரத்தம் உறைவதில் அது குறுக்கிடும். சந்தேகமா? சென்னை எழும்பூரில் 1819-ல் தொடங்கிய அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்த அன்று இரவு கண் கல் மாதிரி இறுகி, கடும் வலியோடு பார்வை மங்கினால், கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். அபூர்வம்தான். ஆனால் பார்வையைக் காப்பாற்ற அவகாசம் மிகமிகக் குறைவு. விடியட்டும் என்று படுத்துவிடாமல், அந்த நேரத்துக்கே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.