கூப்பன் குறியீடும் கொஞ்சம் கணிதமும்

மாணவர்களே, 11.11, 12.12 என்று இணையக் கடைகள் கழிவுக் கூப்பன்களை வாரி வழங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சீனாவின் அலிபாபா நிறுவனம் 2009ஆம் ஆண்டு நவம்பர் 11இல் தொடங்கிய மலிவு விற்பனை, இன்று ஷோப்பி, லஸாடா வழியாக நம் கைப்பேசி வரை வந்துவிட்டது.

ஜொகூரில் என்னிடம் பயிலும் நான்காம் படிவ மாணவி ஒருத்தி, 'கூப்பன் குறியீடு உருவாக்கித் தருகிறோம்' என்ற ஓர் அகப்பக்கத்தில் தன் தந்தையின் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டாள். அடுத்து, குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்க டிஏசி எண்ணை அது கேட்டது. தந்தை பார்த்துத் தடுத்ததால் பணம் தப்பியது. மறுநாள், "நிஜமாவே அது கோட் தருமா, டீச்சர்?" என்று கேட்டாள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆங்கில எழுத்துகள் 26, இலக்கங்கள் 10, மொத்தம் 36. பார்வைக்குக் குழப்பும் 'ஓ', பூஜ்யம், 'ஐ', ஒன்று ஆகிய நான்கையும் நீக்கினால் 32. ஓரிடத்திற்கு 32 வாய்ப்பு என்றால், ஈரிடங்களுக்கு 32 × 32 = 1,024. எட்டு இடங்களுக்கு 1,099,511,627,776! கடை ஒரு மில்லியன் கூப்பன்கள் வெளியிட்டிருந்தாலும், சரியான ஒன்றை ஊகிக்கச் சராசரியாகப் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட முயற்சிகள் தேவை. சில தவறுகளிலேயே பல கடைகளின் கணினி நம்மைத் தடுத்துவிடும்.

நாம் குறியீட்டைத் தட்டியதும், கடையின் கணினி தன் பட்டியலைப் பார்க்கிறது. இது நாம் வெளியிட்டதா? காலாவதியாகிவிட்டதா? முன்பே பயன்படுத்தப்பட்டதா? அந்தப் பட்டியல் வெளியாரிடம் இல்லை. ஆகவே, குறியீட்டை 'உருவாக்குவதாக'ச் சொல்பவர் தேடுவது உங்கள் கழிவை அல்ல, உங்கள் கணக்கைத் திறக்கும் சாவியை. கழிவு பெற டிஏசி எண் தேவையே இல்லை.

உண்மையான கூப்பன் எங்கே கிடைக்கும்? கடையின் சொந்தச் செயலியில் உள்ள கூப்பன் பக்கத்தில் முதலில் தேடுங்கள். விற்பனையாளரின் பக்கத்தையும் பாருங்கள்.

கிடைத்த பிறகும் ஒரு கணக்கு உண்டு. உங்களுக்கு வேண்டிய கால்குலேட்டர் 62 ரிங்கிட். கூப்பனோ, '100 ரிங்கிட்டுக்கு வாங்கினால் 15 ரிங்கிட் கழிவு' என்கிறது. தேவையில்லாத 38 ரிங்கிட் பொருளைச் சேர்த்தால் 85 ரிங்கிட் கட்டுவீர்கள். சேமித்தது 15 அல்ல. கூடுதலாகச் செலவழித்தது 23! அஞ்சல் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பெற்றோரிடம் உடனே சொல்லுங்கள். வங்கியையோ தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தின் 997 எண்ணையோ அவர்கள் விரைந்து அழைக்கட்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறக்கூடும்.

செய்து பாருங்கள்: குறியீடு ஆறு இடங்கள் மட்டுமே கொண்டிருந்தால், எத்தனை வாய்ப்புகள்?