உறங்கும் இயந்திரங்கள் – 9: சூடான ரோட்டார் நிற்கக் கூடாது

மடிக்கணினியை மூடியதும் கருவிகளை இயக்கும் மென்பொருளான ஒவ்வொரு டிரைவருக்கும் 'உறங்கு' என்று கட்டளை போவதையும், கிளைக் கருவிகள் முதலில், அவற்றைத் தாங்கும் கருவிகள் பிறகு என்ற வரிசையையும் சென்ற வாரம் பார்த்தோம். விழிக்கும்போது வரிசை தலைகீழ். அது போதும்.

இந்த வாரம், சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போவது பற்றி. இதைப் புரிந்துகொள்ள நெய்வேலியைவிட நல்ல ஊர் கிடையாது. 1962ல் சோவியத் உதவியோடு முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடத் தொடங்கிய ஊர். மின்சாரம் செய்கிற இடத்திலேயே மின்சாரம் போனால்?

210 மெகாவாட் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். 535 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நீராவி, டர்பைனின் பல டன் எடையுள்ள ரோட்டாரை நிமிடத்துக்கு 3000 சுற்று சுழற்றுகிறது. யூனிட் 'ட்ரிப்' ஆனால், அதாவது திடீரென அணைந்தால், நீராவி உடனே அடைபடும். ரோட்டார் உடனே நிற்காது, நிற்கவும் கூடாது. சூடான ரோட்டார் அசையாமல் கிடந்தால் மேல்பக்கம் அதிகச் சூடாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் ஆகி, அந்த எஃகுத் தண்டு வளைந்துவிடும். வளைந்த ரோட்டாரை ஓட்டினால் அதிர்வே டர்பைனைக் கெடுக்கும். அதனால் 'பாரிங் கியர்' என்ற அமைப்பு, சூடு ஆறும்வரை அதை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு மின்சாரம் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வரும். அதற்கு முன்பே பேரிங்குகளுக்கு எண்ணெய் வேண்டுமே? 220 வோல்ட் பேட்டரியில் ஓடும் டிசி எண்ணெய் பம்ப் அதைப் பார்த்துக்கொள்ளும். பாரிங் கியரும் கைவிட்டால் ஆட்கள் நெம்புகோல் போட்டு, குறித்த இடைவெளியில் அரைச்சுற்று அரைச்சுற்றாகக் கையால் திருப்புவார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. இத்தகைய பல டர்பைன்களில் பிரதான எண்ணெய் பம்ப் ரோட்டார் தண்டிலேயே பூட்டியிருக்கும். மின்சாரம் போன முதல் நிமிடங்களில், சுழலும் ரோட்டாரே தன் பேரிங்குகளுக்கு எண்ணெய் ஊட்டிக்கொள்கிறது.

அங்கே எரிபொருள் தோண்டும் சுரங்கத்திலும் இதே கவலைதான். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளுகிறது. பம்புகள் இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைத் தணித்தால்தான் கீழே வேலை நடக்கும்.

இனி ஹார்ட் டிஸ்க்குக்கு வருவோம். பல டிஸ்க்குகளில் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று. படிக்கும் தலை தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. மின்சாரம் போனதும் தட்டின் மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. சுழற்சியில் மிச்சமிருக்கும் வேகம் மின்சாரமாகி, தலையைப் பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துவிடுகிறது. டர்பைன் ரோட்டார் செய்ததையே இந்தச் சின்னத் தட்டும் செய்கிறது!

மென்பொருளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. மின்னழுத்தம் விழுவதற்குக் குறைந்தது 1 மில்லி விநாடி முன்பு எச்சரிக்க வேண்டும் என்பதே மேசைக் கணினி பவர் சப்ளைக்கான விதி. அதற்குள் எந்த டிரைவரையும் கூப்பிட்டு முடிக்க முடியாது. முறையான உறக்கத்திலும் கருவிக்கு மின்சாரம் நின்றிருக்கலாம். ஆகவே நல்ல டிரைவரின் திறமை உறங்கும்போது தெரியாது, விழிக்கும்போதுதான் தெரியும். கருவி பழைய நிலையிலேயே இருக்கும் என்று அது நம்பாது. அழிந்த ரெஜிஸ்டர் மதிப்புகளைத் திரும்ப எழுதும். தேவையானால் ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றும். உறக்கத்தின்போது யாராவது பென் டிரைவை உருவி வேறொன்றைச் செருகியிருக்கலாம் என்றுகூடச் சந்தேகித்துச் சரிபார்க்கும்.

பாதி எழுதிய கோப்பு என்னவாகிறது என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். ரோட்டார் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் அது அடுத்த வாரம். அதுவரை ஒன்று மட்டும் செய்யுங்கள்: நகலெடுத்து முடிந்தது என்று திரை சொன்னாலும் தரவு இன்னும் தற்காலிக நினைவகத்திலேயே இருக்கலாம். வெளி ஹார்ட் டிஸ்க்கை 'பாதுகாப்பாக அகற்று' கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

(தொடரும்)