மன அதிர்ச்சி ஆராய்ச்சியில் ஒப்பீட்டுக் குழு

யுத்தம், விபத்து, வன்முறை ஆகியவற்றுக்கு உள்ளானோருள் சிலருக்கு, நிகழ்ச்சி முடிந்து பல மாதங்கள் சென்ற பின்னும் அச்சக் கனவுகளும் திடுக்கிடும் இயல்பும் உறக்கமின்மையும் நீங்குவதில்லை. இந்நிலை அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய் எனப்படும். இந்நோய்க்கு உடலில் அளந்தறியத்தக்க அடையாளம் ஏதேனும் உண்டா என்று ஆராய்வோர், நோயாளிகளை யாருடன் ஒப்பிடுவது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். அளப்பது எளிது, ஒப்பிடத்தக்கவரைத் தேடிப் பிடிப்பதே அரிது.

1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று. வியட்நாம் யுத்தத்தில் ஈடுபட்டு இந்நோய்க்கு ஆளான 26 பேருடைய மூளை காந்த முறைப் படங்களால் அளக்கப்பட்டது. நினைவாற்றலுடன் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, வலப்புறத்தில், ஒப்பீட்டுக்கென எடுத்துக்கொள்ளப்பட்ட 22 பேருடையதைவிடச் சராசரியில் நூற்றுக்கு 8 பங்கு சிறிதாயிருந்தது. வயது, கல்வி, மதுப் பழக்கம் நீடித்த ஆண்டுகள் ஆகியவற்றில் இரு குழுவினரும் இயன்றவரை ஒத்திருக்குமாறு பார்த்துக்கொள்ளப்பட்டது. நெடுநாள் மது அருந்துவதே அப்பகுதியைச் சுருக்கக்கூடுமாதலால் இம்முன்னேற்பாடு அவசியமாயிற்று.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. யுத்தத்தின் கொடுமை அப்பகுதியைச் சுருக்கியதா? அல்லது அது முன்னரே சிறிதாக அமைந்தவர்கள் நோய்க்கு எளிதில் இரையாயினரா? யுத்தத்தைக் கண்டும் நோயுறாதவரை ஒப்பீட்டுக் குழுவாகக் கொண்டால், கொடுமையை அனுபவித்ததன் விளைவையும் நோயின் விளைவையும் ஓரளவு பிரித்தறியலாம். ஆனால் எது முந்தியது என்பது அப்போதும் விளங்காது.

2002-இல் கில்பர்ட்சன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இம்முடிச்சை அவிழ்க்க வழி காட்டிற்று. அவர்கள் தேர்ந்தவர்கள் ஒரே கருவினின்று பிறந்த இரட்டையர். ஒருவர் வியட்நாம் போர்முனையில் நின்றவர், மற்றவர் அதைக் காணாதவர். கடுமையாக நோயுற்ற வீரருக்கு மட்டுமன்றி, போர்முனையையே காணாத அவர் சகோதரருக்கும், நோயுறாத வீரர்களுடனும் அவர்தம் சகோதரர்களுடனும் ஒப்பிடுகையில் அப்பகுதி சிறிதாகவே இருந்தது. அச்சிறுமை யுத்தத்தால் விளைந்ததன்று, முன்னரே இருந்தது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. இதைப் பரம்பரைக் குறை என்று மட்டும் கொள்வதற்கில்லை. இரட்டையர் கருப்பையையும் இளமைக்கால வீட்டையுங்கூடப் பகிர்ந்துகொண்டவரல்லரோ?

இதே முறையில் நடந்து 2003-இல் வெளியான மற்றோர் ஆய்வு மாறான விடை தந்தது. திடீரென எழும் பேரொலிக்கு இதயத் துடிப்பு மிகுதல் நோயுற்ற வீரரிடம் காணப்பட்டது. அவர் சகோதரரிடம் காணப்படவில்லை. ஆகவே இது பின்னர் வந்து சேர்ந்த மாறுதல்.

இரட்டையர் எங்கும் கிடைப்பவரல்லர். மருத்துவமனை ஊழியரையும் மாணவரையும் நலமுள்ளோர் என்று கொண்டு வந்து நிறுத்துவது எளிது. ஆனால் வயதிலும் வருவாயிலும் உறக்கத்திலும் புகைப் பழக்கத்திலும் அவர்கள் நோயாளிகளை ஒத்தவராயிரார். மனச்சோர்வு இந்நோயுடன் கூடி வருவது பெருவழக்கு. அதையுடையோர் அனைவரையும் விலக்கினால், எஞ்சும் சிலர் உண்மையான நோயாளிகளின் நிலையைக் காட்டமாட்டார்கள்.

கார்ட்டிசால் என்னும் ஹார்மோன், விழித்தெழுந்த சிறிது நேரத்தில் உச்சமடைந்து, நள்ளிரவை ஒட்டி மிகக் குறையும். ஒரு குழுவினரிடம் காலையிலும் மற்றக் குழுவினரிடம் பிற்பகலிலும் உமிழ்நீர் எடுத்தால், கிடைப்பது கடிகாரத்தின் வேறுபாடேயாகும். மாதிரி எடுக்கும் ஊழியர், எடுத்த நேரத்தோடு அன்று அவர் உறங்கி எழுந்த நேரத்தையும் குறித்தல் வேண்டும். இரவு வேலை செய்வோர் விஷயத்தில் பின்னதே முக்கியம்.