ஹோப் தெருவின் நடிகர்

லிவர்பூல் நகரின் ஹோப் தெருவில் 1837இல் எழுந்த ஒரு பிரார்த்தனைக் கூடம், 1964இல் எவ்ரிமேன் நாடக அரங்காக மாறியது. வசதிகள் குறைவு. ஆனாலும் 1970களில் அந்த மேடை ஏறியவர்களின் பெயர்களை இன்று படித்தால் வியப்பாக இருக்கிறது: ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜொனாதன் பிரைஸ், ஆன்டனி ஷெர், பீட் பாஸல்த்வெய்ட்.

பாஸல்த்வெய்ட் 1946இல் வாரிங்டனில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியராக வேலை பார்த்துவிட்டுத்தான் பிரிஸ்டல் ஓல்டு விக் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அந்த நீண்ட பெயரை விளக்குப் பலகையில் போட்டால் மின்கட்டணம் கட்டுப்படியாகாது, மாற்றிக்கொள் என்றார்களாம். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அன்று ஊர்தோறும் இருந்த நாடகக் குழுக்களில் வாரச் சம்பளம் உண்டு. மாலையில் ஒரு நாடகம், பகலில் அடுத்ததற்கு ஒத்திகை. ஒன்றில் கிழவன் வேடம் போட்டவர் அடுத்ததில் போலீஸ்காரராக வருவார். எவ்ரிமேன் குழுவினர் சிலர் வேனில் ஏறிப் போய் மதுக்கடைகளிலும் நடித்தார்கள். கையில் கோப்பையோடு அரட்டை அடித்துக்கொண்டிருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைப்பதைவிடக் கடுமையான பயிற்சி ஒரு நடிகருக்கு வேறென்ன இருக்க முடியும்?

அந்தப் பயிற்சியின் விளைச்சலைத் திரையில் பார்க்கலாம். 1988இல் வந்த 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்' படத்தில் வீட்டையே நடுங்க வைக்கும் முரட்டுத் தந்தை அவர். 1993இல் 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' படத்தில், செய்யாத குற்றத்துக்காக மகனோடு சிறையில் வாடும் சாதுவான தந்தை. அதே எடுப்பான கன்ன எலும்புகள், அதே குழிந்த கண்கள்தான். முதல் படத்தில் அந்த முகம் திரும்பினாலே பயமாக இருக்கும். இரண்டாவதில் இருமலுக்கு நடுவே மகனைப் பார்க்கும்போது, அதே முகத்தில் கோபத்தின் சுவடுகூட இல்லை. அந்த வேடம் அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. 2008இல், 62ஆம் வயதில், எவ்ரிமேனுக்கே திரும்பி லியர் மன்னனாக நடித்தார். 2011 ஜனவரி 2 அன்று காலமானார்.

அதே ஆண்டில் பழைய அரங்கையும் மூடினார்கள். இடித்த செங்கற்களில் ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டிய புதிய அரங்கு 2014இல் திறந்தது. பிரிட்டனின் தலைசிறந்த கட்டடத்துக்கான ஸ்டர்லிங் பரிசும் அவ்வாண்டே அதற்குக் கிடைத்தது.

நடிகர்களுக்கும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. அன்று நடிகர் சங்க அட்டை இல்லாமல் தொழிலுக்குள் நுழைவதே பெரும்பாடு; அந்தத் தடை இன்று இல்லை. கறுப்பின, தெற்காசிய வம்சாவளி நடிகர்களுக்கு அன்று கிடைத்தவை பெரும்பாலும் உதிரி வேடங்கள். இன்று முதன்மை வேடங்களும் கிடைக்கின்றன. ஆனால் உள்ளாட்சி மன்றம் தந்த உதவித்தொகையில் அன்று பலர் நாடகம் படித்தார்கள். இன்று ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கட்டணம், பெரும்பாலும் கடன். படித்து முடித்ததும், வீட்டுச் சுவரோரம் நின்று கைப்பேசியில் தன் நடிப்பைத் தானே பதிவு செய்து அனுப்புவதுதான் பல வாய்ப்புகளுக்கு முதல் படி. எதிரில் நின்று பதில் வசனம் பேசச் சக நடிகர்கூட இருப்பதில்லை.

2017இல் எவ்ரிமேன் பழைய முறையை மீட்டுப் பார்த்தது: 14 நடிகர்கள், ஒரே குழு, அடுத்தடுத்து ஐந்து நாடகங்கள். அடுத்த ஆண்டும் தொடர்ந்தது. அதற்குமேல் பணம் இடம் கொடுக்கவில்லை. இத்தனை அழகான அரங்கைக் கட்ட முடிந்த நகரத்தால், 14 பேருக்குச் சம்பளம் கொடுத்துத் தொடர்ந்து ஒரு குழுவை வைத்திருக்கவும் முடிய வேண்டும் என்றே நினைக்கிறேன்.