ஐரோப்பியத் தட்டில் ஓசூர்க் குடமிளகாய்



பெங்களூருவின் ஐரோப்பிய உணவகங்களில் தட்டுக்கு நிறம் தருபவை சிவப்பு, மஞ்சள் குடமிளகாய்கள். பிரான்சின் ரட்டட்டூயி, ஸ்பெயினின் கஸ்பாச்சோ ஆகிய இரண்டு உணவுகளிலும் குடமிளகாய்க்கு இடமுண்டு. ஆனால் இதன் பூர்வீகம் ஐரோப்பா அல்ல, அமெரிக்கக் கண்டம். கொலம்பஸின் 1492 பயணத்துக்குப் பிறகே மிளகாய் இனம் ஐரோப்பாவுக்குப் போனது.

இன்று குடமிளகாய் விளைவிப்பதில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர், தளி வட்டாரங்களின் மிதமான தட்பவெப்பம் இதற்கு ஏற்றது. பசுமைக்குடிலில், சொட்டுநீரும் கரையும் உரமும் கொடுத்து, கொடிபோலக் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்கள்.

பச்சைக் குடமிளகாய் முழுதாகப் பழுக்காத காய். அதைச் செடியிலேயே பழுக்கவிட்டால், ரகத்துக்கேற்பச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறும். கூடுதல் நாள் காத்திருப்பதால்தான் விலையும் கூடுதல். பச்சையைவிடச் சிவப்பில் வைட்டமின் சி அதிகம்.

ஓசூர் உழவர் சந்தைக்குப் போகும்போது வண்ணக் குடமிளகாயையும் கேட்டு வாங்குங்கள். நம் மண்ணில் விளைந்த சத்து, நம் வீட்டுத் தட்டுக்கும் வரட்டும்.