ஆய்லர் வகுத்துப் பார்த்த எண்

2147483647. நம் வழக்கப்படி படித்தால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. இது பகா எண் என்பதை 1772-இல் உறுதிசெய்தவர் லியோனார்ட் ஆய்லர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவருக்கு அப்போது கண் பார்வை ஏறக்குறைய முழுக்கப் போயிருந்தது.

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. கண் தெரிந்தவருக்கே கை வலிக்கும்.

ஆய்லர் எல்லாவற்றையும் தொடவில்லை. 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 2047. பகா எண் போலத் தோன்றும். ஆனால் 23-ஐ 89-ஆல் பெருக்கினால் 2047. இந்த 23, 89 இரண்டையும் 11-ஆல் வகுத்தால் மீதி 1. எட்டால் வகுத்தால் ஒன்றுக்கு 7, மற்றதற்கு 1. தற்செயல் அல்ல, ஃபெர்மாவின் தேற்றத்தோடு தொடர்புள்ள விதி. நம் பெரிய எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், 31-ஆல் வகுக்க அது மீதி 1 தரவேண்டும். எட்டால் வகுக்க 1 அல்லது 7. இரண்டுக்கும் பொருந்துபவை 248-இன் மடங்குகளோடு 1 அல்லது 63 கூட்டி வரும் ஒற்றை எண்கள். எல்லைக்குள் அப்படி 372 தான். முதலில் வரும் 249 மூன்றால் வகுபடும், தள்ளிவிடலாம். அடுத்தது 311. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்: ஈவு 69,05,092, மீதி 35. இப்படியே கடைசிவரை ஒன்றும் மீதியின்றி வகுக்கவில்லை.

இப்படி இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்து வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். அவற்றில் இது எட்டாவது. அடுக்கான 31-உம் மெர்சென் பகா எண்ணே என்பதால் இரட்டை மெர்சென் என்ற அரிய கூட்டத்திலும் இடம் உண்டு. இதுவரை தெரிந்தவை நான்கே. 30 இரண்டுகளின் பெருக்கலோடு இதைப் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைக்கும். 1, 2, 3 கூடி 6 ஆவதுபோல, தன்னைவிடச் சிறிய வகுத்திகள் அனைத்தும் கூடித் தானே ஆகும் எண் அது.

இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் தேடப்போவதில்லை, பயனற்ற வேடிக்கைதானே என்று 1811-இல் எழுதினார் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ. பாவம், அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அடுத்தது வந்துவிட்டது.

பயன் வேறு வழியில் வந்தது. 32 பிட்டில் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கினால், கணினி வைத்திருக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் ஆய்லரின் இந்த 2147483647 தான். 2014-இல் ‘கங்னம் ஸ்டைல்’ பாடலின் பார்வைகள் இந்த எல்லையை எட்டவே, யூடியூப் தன் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியது. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் பழைய 32 பிட் கருவிகளுக்கும் அதே எல்லைதான். நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு எண்ணிக்கை ஆய்லரின் எண்ணைத் தொடும். அடுத்த நொடியில், சரிசெய்யப்படாத கருவிகளின் கடிகாரம் 1901 டிசம்பருக்குப் போய்விடும்.