வலிப்பைக் கண்டவர் சொல்ல வேண்டியவை

காய்ச்சலைப் பற்றி நம் காவிரிக் கரைக் குடும்பங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டு, சம்பா வயல்களில் தண்ணீர் நிறைந்து நிற்கும் நாள்களில், திருவிடைமருதூரிலிருந்து மயிலாடுதுறை வரை எந்த ஊருக்குச் சென்றாலும் தெருவுக்கு ஒருவராவது போர்வைக்குள் சுருண்டு படுத்திருப்பார். மிளகுக் கஷாயம், பாராசிட்டமால் மாத்திரை, இரண்டு நாள் கஞ்சி என்று கழித்து, மூன்றாம் நாள் எழுந்து வயலுக்கோ தறிக்கோ போய்விடுவார். ஆனால் அவ்வாறு படுத்திருக்கும் நாற்பது வயதுக் கணவருக்கு நள்ளிரவில் திடீரெனக் கண்கள் மேலே செருகி, கைகால்கள் விறைத்து, உடல் முழுதும் உதறத் தொடங்கினால் என்ன செய்வது? வாழ்க்கையில் அதுவரை ஒரு முறையேனும் வலிப்பு கண்டிராத மனிதர். அருகில் படுத்திருந்த மனைவியைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

"ஜன்னி கண்டுவிட்டது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். காய்ச்சலில் பிதற்றுவதும் ஜன்னி, உடல் உதறுவதும் ஜன்னி, பிள்ளை பெற்றவளுக்கு வரும் வலிப்பும் ஜன்னி. இத்தனைக்கும் ஒரே பெயர் இருப்பதால், ஒரே காரணம் என்றும், காய்ச்சல் இறங்கினால் எல்லாம் இறங்கிவிடும் என்றும் நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணமே ஆபத்தானது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சலின் சூட்டினாலேயே வலிப்பு வருவதுண்டு. நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு அது வருகிறது. பெரும்பாலும் தீங்கின்றிப் போய்விடுகிறது. வளர்ந்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் காய்ச்சலோடு முதன்முறையாக வலிப்பு வந்தால், காய்ச்சலுக்குக் காரணமான நோய் மூளையையும் தொட்டிருக்கிறதா என்று அன்றே தேடிப் பார்க்க வேண்டும்.

தேட வேண்டியவை நம் மண்ணில் பல உள்ளன. மூளை உறையில் வரும் சீழ் நோயும் காசநோயும் அவற்றில் அடங்கும். மலேரியா மூளைக்கு ஏறுவதும் உண்டு. நெல் வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955-ஆம் ஆண்டு நம் தமிழகத்தின் வேலூர்ப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. கொக்கு முதலான நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் அந்தக் கிருமி வாழ்கிறது. கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவருகிறது. பெரும்பாலும் குழந்தைகளையே அது தாக்கினாலும் பெரியவர்களையும் விட்டுவைப்பதில்லை.

மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மிகுதியாகக் காணப்படும் உண்ணிக் காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்க்ரப் டைபஸ் என்பது மருத்துவர்கள் வழங்கும் பெயர். புதர்களிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு உண்டாகும். அது வலிக்காது, அரிக்காது. ஆகவே நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்புறம், வேட்டியோ பாவாடையோ கட்டும் இடுப்புப் பகுதி போன்ற மறைவான இடங்களில்தான் அது ஒளிந்திருக்கும். கூச்சமின்றி அங்கெல்லாம் தேடிப் பார்க்கக்கூடியவர் கணவனுக்கு மனைவியும், மனைவிக்குக் கணவனுமே. அப்படி ஒரு பொருக்கைக் கண்டு மருத்துவரிடம் காட்டினால், டாக்சிசைக்ளின் என்னும் விலை மலிந்த மருந்து உயிரைக் காத்துவிடக்கூடும்.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. அவற்றை மருத்துவமனையில் வாய் திறந்து சொல்ல நாம் தயங்குகிறோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர், காய்ச்சலில் சாப்பிடாமல் இருந்துகொண்டு மருந்தை மட்டும் விடாமல் எடுத்தால், இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரலாம். நாள்தோறும் குடிப்பவர், காய்ச்சலில் படுத்ததனால் திடீரெனக் குடியை நிறுத்தினால், இரண்டொரு நாளில் அதனாலேயே வலிப்பு வரலாம். மாமியார் பக்கத்தில் நிற்கிறார், ஊரார் நிற்கிறார்கள் என்று மனைவி, "அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டால் மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியதுதான். கணவனின் மானத்தைக் காப்பதாக எண்ணிச் சொல்லும் அந்தப் பொய் அவன் உயிருக்கே உலை வைக்கும். மருத்துவரைத் தனியே அழைத்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

வலிப்பு நோயில் ஒரு விந்தை இருக்கிறது. நோயாளிக்குத் தனக்கு நேர்ந்தது தெரியாது. மருத்துவர் வருவதற்குள் அது முடிந்து போயிருக்கும். ஸ்கேன், மூளை மின்னலைப் பதிவு என எத்தனை கருவிகள் வந்தாலும், அருகிலிருந்து கண்டவர் சொல்லும் விவரத்திற்கு ஈடாக எதுவும் இல்லை. மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒரு முறை படித்துப் பாருங்கள். வலிப்பால் துன்புறும் மகனைத் தந்தை இயேசுவிடம் கொண்டுவருகிறார். விழுகிறான், நுரை தள்ளுகிறான், பல்லைக் கடிக்கிறான், விறைத்துப் போகிறான் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எவ்வளவு காலமாக இப்படி என்று ஆண்டவர் கேட்கிறார். சிறு வயது முதல் என்றும், நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான் என்றும் தந்தை விடை கூறுகிறார். மகனை உற்றுப் பார்த்துப் பார்த்து எதையும் மறவாமல் வைத்திருந்த ஒரு மனிதரின் சொற்கள் அவை. குணமளிக்கும் முன்பு ஆண்டவரும் அந்தச் சாட்சியைக் கேட்டுக்கொண்டார் என்பது என் மனத்தைத் தொடுகிறது.

ஆகவே அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் மனைவியோ கணவனோ கவனிக்க வேண்டியவை சில உள்ளன. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, பேச்சு எப்போது நின்றது, உதறல் உடல் முழுதும் பரவியதா, நாக்கைக் கடித்தாரா, பிறகு எவ்வளவு நேரம் குழம்பியிருந்தார் என்பனவற்றை நினைவில் வையுங்கள். வீட்டில் வேறொருவர் இருந்தால் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லலாம்.

கவனித்துக்கொண்டே அவரைக் காக்கவும் வேண்டும். இரும்புச் சாவியையோ அரிவாளையோ கையில் திணிக்கும் வழக்கத்தால் ஒரு பயனும் இல்லை. வலிப்பு தானாக நிற்கும். நிற்கும் நேரத்தில் கையில் இரும்பு இருந்ததால் இரும்புக்குப் பெயர் வந்துவிட்டது. வாயில் கரண்டியோ துணியோ வைத்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். அழுத்திப் பிடிக்கவும் கூடாது. சுற்றிலும் உள்ள பொருள்களை அகற்றி, தலைக்குக் கீழே மெதுவானதை வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, உதறல் தணிந்ததும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் போதும். முழு நினைவு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். காய்ச்சலோடு முதன்முறை வந்த வலிப்பு எவ்வளவு விரைவில் நின்றாலும் 108-க்குச் சொல்லிவிட வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. கருவுற்ற பெண்ணாயினும் பிள்ளை பெற்ற பெண்ணாயினும் அவ்வாறே. திருவிடைமருதூரிலிருந்து கும்பகோணம் பத்துக் கிலோமீட்டருக்கு உட்பட்டதுதான்; பெரிய சிகிச்சைக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இவ்வூரின் பெருங்கோயிலைப் பற்றி ஒரு கதை யாவரும் அறிந்தது. பிரமகத்தி பற்றிய வரகுண பாண்டியன் கிழக்கு வாயிலால் உள்ளே நுழைந்து, அது வெளியே காத்திருக்க, மேற்கு வாயிலால் வெளியேறி விடுதலை பெற்றான் என்பார்கள். மனம் கலங்கியவர்களை இன்றும் அங்கே அழைத்து வருகிறார்கள். நாமும் நம் திருத்தலங்களுக்கு அழைத்துச் செல்கிறோம். யாருடைய வேண்டுதலையும் குறைகூற நான் வரவில்லை. மருத்துவமனைக்குப் போக வேண்டிய முதல் நாளை மந்திரிப்பதிலும் நேர்த்திக்கடனிலும் கழித்துவிடுவதுதான் துயரம். மூளைக் காய்ச்சலில் அந்த ஒரு நாளின் இழப்பை எந்த மருந்தாலும் பிறகு ஈடுசெய்ய முடியாமல் போகலாம்.

காய்ச்சல் நீங்கி வீடு திரும்பிய பின்னரே நீண்ட வேலை தொடங்குகிறது. சிலருக்கு வலிப்பு அத்தோடு முடிந்துவிடும். மாத்திரையைச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மருத்துவரே நிறுத்துவார். சிலருக்கு மூளையில் தழும்பு தங்கி, வலிப்பு நோயாகவே நிலைத்துவிடும். அவர்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் கழிந்த பின்னரே மருந்தைக் குறைப்பது பற்றிப் பேச முடியும். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், முறையான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாத்திரைக்குக் கட்டுப்படாத சிலருக்கு அறுவை சிகிச்சை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1952-லேயே அதை நம் நாட்டில் செய்து காட்டினார்.

ஆனால் மாத்திரையை மறைத்து வைக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அரிசிப் பானைக்குள்ளும், சேலை மடிப்புக்குள்ளும். நோய் தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது, தங்கையின் நிச்சயம் முறிந்துவிடும் என்ற அச்சம்தான் காரணம். காய்ச்சலால் மூளையில் உண்டான வலிப்பு பரம்பரையாகப் பிள்ளைகளுக்கு வருவதில்லை. இதை மாமியாரிடமும் சம்பந்தியிடமும் வெளிப்படையாகச் சொல்லலாம். அச்சத்திற்குச் சட்டமும் ஒரு காலத்தில் துணை நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். 1976-இல் இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அடிக்கடி வரும் வலிப்பு திருமணத்துக்குத் தடையாகச் சேர்க்கப்பட்டது. 1999-இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. நம் திருச்சபை இந்நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைக்கவில்லை. எனினும் 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், வலிப்பு நோயாளரைப் பேய் பிடித்தவரோடும் மனநிலை பிறழ்ந்தவரோடும் ஒரே வரிசையில் வைத்துக் குருப்பட்டத்திலிருந்து விலக்கியது. 1983-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் அது இல்லை.

மறைப்பதற்கு எதிர்ப்புறத்தில் வேறொரு தவறு இருக்கிறது. அன்பின் மிகுதியால் துணைவரைச் சிறை வைப்பது. வெளியே போகாதே, அடுப்பருகே நிற்காதே, ஆற்றுக்குப் போகாதே என்று நாள் முழுதும் தடுத்தால், வலிப்பு வராத நாளிலும் அவர் நோயாளியாகவே வாழ நேரும். எதைத் தவிர்க்க வேண்டும், எதை விடலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதே முறை. ஆற்றிலும் குளத்திலும் தனியே இறங்க வேண்டாம். வீட்டில் வாளித் தண்ணீரில் குளிக்கலாம், குளியலறைக் கதவைத் தாழிடாமல். தென்னை ஏறுதல், கிணற்று மதிலில் அமர்தல், வண்டி ஓட்டுதல் கூடாது. ஓட்டுநர் உரிமம் கேட்கும் விண்ணப்பத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. திருபுவனத்துப் பட்டுத்தறியில் அமர்ந்து நெய்பவர், வலிப்பு அடங்கியபின் மருத்துவரின் இசைவோடு தறிக்குத் திரும்பலாம். வீட்டில் ஒருவர் கூப்பிடும் தொலைவில் இருந்தால் நல்லது. மனைவிக்கு நோய் என்றால், குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. அதற்காகத் தாமாகவே மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெருந்தீங்கு. இல்லற உறவுக்கு இந்நோய் தடையில்லை என்பதையும், கேட்க வெட்கப்படும் தம்பதியருக்காக, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அடுத்த காய்ச்சல் எப்படியும் வரும். வலிப்பு நோய் உள்ளவருக்குக் காய்ச்சலே வலிப்பைக் கிளப்பிவிடலாம். சூட்டைத் தணிக்கும் மருந்தைக் கொடுங்கள். வலிப்பு மாத்திரையை ஒரு வேளையும் விடாதீர்கள். வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். தெருமுனை மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்க வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளும் டிரமடால் என்ற வலி மாத்திரையும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. தூக்கம் கெடுவதும் அவ்வாறே. வேளாங்கண்ணிக்கு இரவெல்லாம் நடந்து செல்லும் நேர்ச்சையை இவர்கள் பேருந்தில் சென்று நிறைவேற்றலாம். நோயாளருக்கு ஒருசந்தியிலிருந்து விலக்கு உண்டு. பங்குத் தந்தையைக் கேட்டால் அவரே சொல்வார்.

காவல் இருப்பவரின் தூக்கத்தைப் பற்றி மருத்துவமனையில் யாரும் கேட்பதில்லை. முதல் வலிப்புக்குப் பிறகு மாதக்கணக்கில், துணைவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டே விழித்திருக்கும் மனைவியரும் கணவன்மாரும் உண்டு. பாதி இரவில் கை அசைந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பகலில் எரிச்சல் வரும். நோயாளி மீதே கோபம் வரும். பிறகு அதற்காக அழுகை வரும். இது அன்புக் குறைவன்று, களைப்பு. வாரத்தில் இரண்டு இரவாவது மூத்த மகனோ, நாத்தனாரோ, கொழுந்தனோ அந்த அறையில் படுத்துக்கொள்ளட்டும். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கும் கற்றுக்கொடுத்து வைக்கலாம். பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் தஞ்சாவூருக்கு மாதம் ஒரு முறை மருந்து வாங்கி வரவோ, பேருந்துச் செலவுக்கோ உதவக் கூடியவர்கள், கேட்பதில் இழிவில்லை. பாயின் தலைமாட்டில் ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கட்டும். வந்த நாள், நேரம், எத்தனை நிமிடம், அன்று காய்ச்சல் இருந்ததா, மாத்திரை விட்டுப்போனதா என்று மட்டும் எழுதினால் போதும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது அந்த நோட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.